வலியறிதல்: இதய ஆபரேஷனுக்குப் பிறகு கேட்க வேண்டிய கேள்வி

தமிழில் 'வலி' என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தங்கள் உண்டு. ஒன்று நோவு, இன்னொன்று பலம். திருக்குறளில் 'வலியறிதல்' என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. 48-ஆவது அதிகாரம். ஆனால் அது நோவைப் பற்றிப் பேசவில்லை. ஒரு காரியத்தில் இறங்கும் முன் தன் பலம், எதிரியின் பலம் எல்லாவற்றையும் எடைபோட்டுப் பார்ப்பதைப் பற்றிப் பேசுகிறது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் மட்டும் இந்த இரண்டு அர்த்தங்களும் ஒன்றோடொன்று குழம்பிப் போகின்றன. வலியை வாய்விட்டுச் சொல்லாதவர் பலசாலி, சொல்பவர் பலவீனர்! "எங்க அப்பாவுக்கு நெஞ்சையே பொளந்தாங்க, ஆனா ஒரு முனகல் கூட இல்ல தெரியுமா?" என்று பெருமையாகச் சொல்லும் பிள்ளைகள் எத்தனையோ பேர். பைபாஸ், வால்வு மாற்றம் போன்ற ஆபரேஷன்கள் செய்துகொண்டவர்கள் விஷயத்தில் இந்தப் பெருமை ஆபத்தானது. அதற்கான காரணத்தைப் பார்ப்பதற்கு முன், அந்த வலி எங்கிருந்து வருகிறது, ஏன் ஒருவருக்கு அதிகமாகவும் இன்னொருவருக்குக் குறைவாகவும் இருக்கிறது என்பதைப் பார்த்துவிடலாம்.

வலிப்பது இதயம் அல்ல!

பலருக்கு இது ஆச்சரியமாக இருக்கும். இதய ஆபரேஷனுக்குப் பின் வரும் வலியில் பெரும்பங்கு இதயத்திலிருந்து வருவதில்லை. இதயத்துக்குப் போகும் வழியிலிருந்து வருகிறது.

நெஞ்சின் நடுவில் கையை வைத்துப் பார்த்தால் ஒரு தட்டையான எலும்பு தட்டுப்படும். அதுதான் மார்பெலும்பு. அதை மேலிருந்து கீழாக ரம்பத்தால் இரண்டாகப் பிளந்து, கம்பி விரிப்பான் ஒன்றை வைத்து இரு பக்கமும் விலக்கினால்தான் இதயம் டாக்டரின் கைக்கு எட்டும். இந்த வழியை ஹெர்பர்ட் மில்டன் என்பவர் 1897-லேயே விவரித்துவிட்டார். ஆனாலும் 1957-க்குப் பிறகுதான் இதய ஆபரேஷன்களில் அது வழக்கமாக மாறியது. 1967-இல் அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் கிளினிக்கில் ரெனே ஃபவலோரோ, காலிலிருந்து எடுத்த ரத்தக்குழாயை வைத்து பைபாஸ் செய்து காட்டினார். அதன் பிறகு உலகம் முழுக்க லட்சக்கணக்கான நெஞ்சுகள் இதே வழியில் திறக்கப்பட்டிருக்கின்றன.

ஆபரேஷன் முடிந்ததும் எலும்பின் இரண்டு பாதியையும் சேர்த்து ஸ்டீல் கம்பிகளால் கட்டுகிறார்கள். எலும்பு ஓரளவு ஒட்டவே ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும். முழு பலம் வர மூன்று மாதம் கூட ஆகலாம்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கை எலும்பு முறிந்தால் மாவுக்கட்டு போட்டு அசையாமல் வைக்கலாம். மார்பெலும்பை அப்படி வைக்க முடியுமா? நிமிடத்துக்கு 15 தடவை மூச்சு விட்டால் ஒரு நாளைக்கு 21,600 தடவை. ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சுக்கூடு விரிந்து சுருங்குகிறது. முறிந்த எலும்பை ஒரு நாளில் இருபதாயிரம் தடவைக்கு மேல் அசைத்துக்கொண்டே ஆறவைக்க வேண்டும். இதுதான் இந்த வலியின் அடிப்படைச் சிக்கல்.

வெட்டிய இடத்தைத் தாண்டியும்...

வலி நெஞ்சின் நடுவோடு நிற்பதில்லை. விரிப்பான் விலக்கும்போது விலா எலும்புகள் முதுகுப் பக்கம் இழுபடுகின்றன. சில சமயம் அங்கே மெல்லிய முறிவே கூட ஏற்படுகிறது. "நெஞ்சுலதானே கிழிச்சாங்க, முதுகு ஏன் இப்படி வலிக்குது?" என்று கேட்கும் நோயாளிக்குப் பதில் இதுதான். கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புக்கட்டும் அந்த நேரத்தில் இழுபடலாம். அப்படி இழுபட்டால் தோள்வலியும், சுண்டுவிரல் பக்கம் மரத்துப்போவதும் வரும்.

பைபாஸில் எந்த ரத்தக்குழாயை எடுத்து ஒட்டுகிறார்கள் என்பதும் முக்கியம். மார்பெலும்பின் உள்பக்கமாக ஓடும் தமனி நீண்ட காலம் அடைக்காமல் உழைக்கும். அதனால் டாக்டர்கள் அதை விரும்பி எடுக்கிறார்கள். ஆனால் அதை எடுக்க மார்பெலும்பின் ஒரு பாதியை இன்னும் தூக்கிப் பிடிக்க வேண்டும். அருகிலுள்ள சிறு நரம்புகள் அடிபடும். அதனால் இடது நெஞ்சில் எரிச்சல், மரத்த உணர்வு, சட்டை உரசினாலே கூச்சம் என்று சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும். காலிலிருந்து எடுத்தால் கெண்டைக்காலிலும் தொடையிலும் தனியாக ஒரு நீளக் காயம் இருக்கும். சிறு துளை வழியாகக் குழாய்க்கேமரா விட்டு எடுத்தால் இந்தக் கால்வலி குறைகிறது. வால்வு மட்டும் மாற்றியவருக்கு இந்த இரண்டு தொல்லையும் இல்லை.

அடுத்தது டியூப்கள். நெஞ்சுக்குள் தேங்கும் ரத்தத்தையும் நீரையும் வெளியேற்ற வைத்திருக்கும் ரப்பர் குழாய்கள் மூச்சை இழுக்கும்போதெல்லாம் உள்ளே உரசுகின்றன. அவற்றை உருவும் அந்தச் சில விநாடிகளைத்தான் பலர் ஆபரேஷனின் மிக மோசமான நேரமாக நினைவில் வைத்திருக்கிறார்கள்.

"இப்பதான் சின்னத் துளை போட்டே இதய ஆபரேஷன் செய்றாங்களே, அதுல வலி இருக்காதே?" என்று கேட்கலாம். அதுவும் அவ்வளவு எளிதல்ல. விலா எலும்புகளுக்கு நடுவில் வெட்டும்போது அங்கே ஓடும் நரம்பு நசுங்குகிறது. முதல் சில நாட்களில் அந்த வலி மார்பெலும்பை வெட்டிய வலிக்குக் குறையாமலும் இருக்கலாம். வீடு திரும்புவது சீக்கிரம் நடக்கும், தழும்பு சின்னது. ஆனால் தழும்பின் நீளத்தை ஸ்கேல் வைத்து அளந்து வலியைக் கணக்குப் போட முடியாது.

ஒரே வெட்டு, வேறு வேறு வலி

இதுவரை சொன்னது கத்தியின் கணக்கு. ஆனால் ஒரே டாக்டர், ஒரே நாள், ஒரே மாதிரி வெட்டு, அடுத்தடுத்த கட்டில். ஒருவர் நடக்கிறார், மற்றவர் திரும்பிப் படுக்கவே அழுகிறார். ஏன்?

வயது ஒரு காரணம். இளவயதினரும் நடுவயதினரும் முதியவர்களைவிட அதிக வலி சொல்வதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. முதியவர்களுக்கு வலி குறைவா, சொல்வது குறைவா என்பது வேறு கேள்வி. "இந்த வயசுல இதெல்லாம் சகஜம்தானே" என்று விழுங்கிவிடுபவர்கள் அவர்கள்தான். வலியை அடக்கி வைத்திருக்கும் முதியவருக்கு இரவில் திடீரென்று மனக்குழப்பம் வந்து, இடம் தெரியாமல் டியூபைப் பிடுங்கப் பார்ப்பதும் உண்டு. அந்தக் குழப்பத்துக்கு வலி, தூக்கமின்மை, மருந்து எல்லாமே காரணமாகலாம்.

அடுத்து, பெண்கள். பெண்களுக்கு வலி அதிகம் என்று சொன்னால் உடனே "பொம்பளைங்களுக்குத் தாங்கும் சக்தி கம்மி" என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஆனால் உடலமைப்பில் நேரடியான ஒரு காரணம் இருக்கிறது. மார்பகங்களின் எடை இரு பக்கமும் இழுக்கும்போது நடுவில் உள்ள காயமும் இழுபடுகிறது. முன்பக்கம் கொக்கி வைத்த, கம்பியில்லாத, தாங்கிப் பிடிக்கும் உள்ளாடை போட்டாலே அந்த இழுப்பு குறையும். இவ்வளவு எளிய விஷயத்தை டாக்டரும் சொல்லத் தயங்குகிறார், அந்த அம்மாவும் கேட்கக் கூசுகிறார். நடுவில் காயம்தான் இழுபட்டுக்கொண்டே இருக்கிறது.

மூன்றாவது, ஆபரேஷனுக்கு முன்பே இருந்த வலி. வருடக்கணக்கில் முதுகுவலி, மூட்டுவலி என்று இருந்தவரின் நரம்புகள் ஏற்கெனவே உஷார் நிலையில் இருக்கும். புதுக் காயம் வந்தால் அவை இன்னும் சத்தமாகக் கத்தும். இப்படிப்பட்டவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பின் வலி அதிகமாக இருப்பதும், நீண்ட நாள் தொடர்வதும் அதிகம்.

நான்காவது, தூக்கம். ஐ.சி.யூ.வில் இரவு பகல் தெரியாது. விளக்கு அணையாது, மானிட்டர் கத்திக்கொண்டே இருக்கும். தூங்காத உடம்புக்கு அடுத்த நாள் அதே காயம் அதிகமாக வலிக்கும். அதிகமாக வலித்தால் மறுபடி தூக்கம் வராது. விடாத சுழல்.

பயம் என்னும் மருந்து எதிரி

ஐந்தாவது காரணம்தான் எல்லாவற்றையும்விட சுவாரஸ்யமானது. மனசு.

இரண்டாம் உலகப் போரில் ஹென்றி பீச்சர் என்ற அமெரிக்க மயக்க மருந்து நிபுணர் இத்தாலியப் போர்முனையில் வேலை பார்த்தார். மோசமாகக் காயம்பட்டு வந்த சிப்பாய்களிடம் "வலிக்கு மருந்து வேண்டுமா?" என்று கேட்டபோது, சுமார் நான்கில் மூன்று பேர் வேண்டாம் என்றார்கள். 1946-இல் இதை அவர் எழுதினார். அந்தச் சிப்பாய்க்குக் காயம் என்றால் உயிரோடு வீடு திரும்பும் டிக்கெட். அதே அளவு காயம் ஊரில் ஒருவருக்கு ஏற்பட்டால் அது பேரிடி. காயத்தின் ஆழம் மட்டுமல்ல, காயத்தின் அர்த்தமும் வலியைத் தீர்மானிக்கிறது என்று அவர் புரிந்துகொண்டார். 1965-இல் மெல்சாக், வால் என்ற இருவர் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். வலிச்செய்தி தண்டுவடத்தில் ஒரு கதவைத் தாண்டித்தான் மேலே போகிறது, அந்தக் கதவைத் திறக்கவும் மூடவும் மூளையிலிருந்தும் உத்தரவு வருகிறது என்றார்கள். அந்த விளக்கத்தின் சில பகுதிகள் பின்னர் திருத்தப்பட்டாலும், மூளையிலிருந்து கீழே வரும் அந்த உத்தரவு உண்மை.

இப்போது இதய நோயாளியை நினைத்துப் பாருங்கள். அவருக்கு நெஞ்சுவலி என்றாலே மாரடைப்பு. ஆபரேஷனுக்கு முன்பு அந்த வலிதான் அவரைச் சாவின் வாசல் வரை கொண்டுபோனது. இப்போது இருமும்போது அதே நெஞ்சில் 'சுரீர்' என்கிறது. அது எலும்பு ஆறும் வலி என்று யாரும் சொல்லாவிட்டால் அவர் என்ன நினைப்பார்? "போச்சு, மறுபடி அடைச்சுக்கிச்சு" என்றுதான். பயத்தில் உடம்பு இறுகும், இதயம் படபடக்கும், வலி இரண்டு மடங்காகும். காலிலோ வயிற்றிலோ ஆபரேஷன் செய்தவருக்கு இல்லாத சுமை இது.

பயத்தைக் குறைத்தால் வலி குறையுமா? குறையும். 1964-இல் பாஸ்டனின் மாசசூசெட்ஸ் ஜெனரல் ஹாஸ்பிட்டலில் 97 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. இதய ஆபரேஷன் அல்ல, வயிற்று ஆபரேஷன். ஒரு பாதிப் பேரிடம் மயக்க மருந்து டாக்டர் முதல் நாளே போய்ப் பேசினார். எங்கே வலிக்கும், எவ்வளவு நாள் வலிக்கும், ஏன் வலிக்கும், எப்படித் திரும்பிப் படுக்க வேண்டும், தசையை எப்படித் தளர்த்த வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். அவ்வளவுதான். அவர்களுக்குத் தேவைப்பட்ட மார்ஃபின் வகை மருந்து பாதியாகக் குறைந்தது. சராசரியாக 2.7 நாள் முன்னதாக வீட்டுக்கும் போனார்கள். செலவு? ஒரு டாக்டரின் சில நிமிடப் பேச்சு!

இத்தனை வருடங்கள் கழித்தும் ஆபரேஷனுக்கு முன் நோயாளிக்கு அதிகமாகக் கிடைப்பது கையெழுத்துப் போட வேண்டிய படிவமா, இந்தப் பேச்சா? பதில் வாசகர்களுக்கே தெரியும்.

மாத்திரைக் கணக்கு

"அதான் வலிக்கு ஊசி, மாத்திரை இருக்கே?" இருக்கிறது. ஆனால் இதய ஆபரேஷனில் இரண்டு சிக்கல்கள்.

முதல் சிக்கல், மெடிக்கல் ஷாப்பில் எளிதாகக் கிடைக்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகளைப் பைபாஸை ஒட்டிய நாட்களில் போடக் கூடாது. மாரடைப்பு, பக்கவாதம் வரும் அபாயத்தைக் கூட்டும் என்பதால், பைபாஸ் வலிக்கு இவற்றைக் கொடுக்கக் கூடாது என்று பெட்டியிலேயே எச்சரிக்கை போட 2005-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவிட்டது. சிறுநீரகத்துக்கும் இவை கெடுதல். வீட்டுக்கு வந்தபின் "பக்கத்து வீட்டு அண்ணன் மூட்டுவலிக்குப் போடுற மாத்திரைதானே" என்று வாங்கிப் போடுபவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். டாக்டர் எழுதிக்கொடுக்கும் சிறிய அளவு ஆஸ்பிரின் வேறு கணக்கு, அதைத் தானாக நிறுத்தக் கூடாது.

இரண்டாவது சிக்கல், மார்ஃபின் வகை மருந்துகள் மீதான பயம். அளவு தவறினால் மூச்சை அடக்கும், மலச்சிக்கல் தரும் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் இந்தியாவில் கூடுதலாக ஒரு வரலாறும் உண்டு. 1985-இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கடுமையால் மருத்துவத்துக்கான மார்ஃபின் பயன்பாடும் வெகுவாகச் சுருங்கியது. 2014-இல் சட்டத்தைத் திருத்தி விதிகளை எளிதாக்கினார்கள். சட்டம் மாறியது, பயம் மாறவில்லை. "ரொம்ப ஊசி போட்டா பழகிடும்" என்று உறவினர்களே தடுப்பது இன்றும் நடக்கிறது. டாக்டர் கண்காணிப்பில் நாலைந்து நாள் கொடுப்பதற்கும் அடிமையாவதற்கும் வெகுதூரம்.

இன்று ஒரே மருந்தை மட்டும் நம்புவதில்லை. பாராசிட்டமாலை நேரம் தவறாமல் கொடுத்து, தேவைக்கு மார்ஃபின் வகை சேர்த்து, நெஞ்சுச் சுவர் நரம்புகளை மரக்கவைக்கும் ஊசியும் போடுகிறார்கள். முதுகுத் தசைக்கு அடியில் போடும் அப்படி ஒரு ஊசிமுறை 2016-இல்தான் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. இப்போது இதய ஆபரேஷன்களிலும் பயன்படுகிறது.

ஆனால் எந்த மருந்தாக இருந்தாலும் கேஸ் ஷீட்டில் எப்படி எழுதியிருக்கிறது என்பதில்தான் சூட்சுமம். 'ஆறு மணிக்கு ஒரு தடவை' என்று எழுதினால் எல்லோருக்கும் கிடைக்கும். 'தேவைப்பட்டால்' என்று எழுதினால்? கேட்பவருக்கு மட்டும் கிடைக்கும். சத்தம் போடும் கட்டிலுக்கு ஊசி போகும். "சிஸ்டர் பாவம், எத்தனை பேரைப் பார்ப்பாங்க" என்று அமைதியாகப் படுத்திருக்கும் கட்டிலுக்கு ஒன்றும் போகாது. பொறுமைசாலிக்குக் கிடைக்கும் பரிசு அதிக வலி!

பொறுத்துக்கொண்டால் என்ன நஷ்டம்?

"ரெண்டு நாள் வலி, பொறுத்துக்கிட்டா போச்சு" என்பது பொதுவான வாதம். நஷ்டம் என்ன என்று பார்க்கலாம்.

ஆபரேஷனுக்குப் பின் நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிக் கிடக்கும், சளி சேரும். ஆழமாக மூச்சிழுத்து, நன்றாக இருமி அதை வெளியே தள்ள வேண்டும். அதற்காகத்தான் மூன்று பந்து போட்ட அந்த பிளாஸ்டிக் கருவியைக் கையில் கொடுக்கிறார்கள். (பலர் அதை ஊதுகிறார்கள். ஊதக் கூடாது, உறிஞ்சி இழுக்க வேண்டும்!) ஆனால் இருமினால் எலும்பு பிளப்பது போல் வலிக்கும் ஒருவர் என்ன செய்வார்? இருமலை அடக்குவார். மூச்சை மேலோட்டமாக விடுவார். அசையாமல் படுப்பார். சளி தேங்கும், நிமோனியா வரும். காலில் ரத்தம் உறையும் வாய்ப்பும் கூடும். வலி தரும் அழுத்தத்தால் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறும். இப்போதுதான் தையல் போட்ட இதயத்துக்கு அதிக வேலை. 'பரவாயில்லை' என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் இத்தனை இருக்கிறது.

இன்னொரு நஷ்டம் மெதுவாக வருவது. 2014-இல் வெளியான ஒரு கனடா ஆய்வு, இதய ஆபரேஷன் செய்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை இரண்டு வருடம் பின்தொடர்ந்தது. இதய நோயால் அல்லாத, ஆபரேஷனால் வந்த வலி மூன்று மாதம் கழித்தும் சுமார் 40 சதவீதம் பேருக்கு இருந்தது. ஆறு மாதத்தில் 22 சதவீதம், ஒரு வருடத்தில் சுமார் 17, இரண்டு வருடத்தில் சுமார் 10. பெரும்பாலோருக்கு லேசான வலிதான், அதுவும் நாளாக ஆகக் குறைகிறது. ஆனால் யாருக்கு வலி நிலைத்தது என்று பார்த்தபோது, முதல் வாரத்தில் வலி கடுமையாக இருந்தவர்களும் ஏற்கெனவே வேறு வலி இருந்தவர்களும் முன்னால் நின்றார்கள். முதல் வார வலியை அடக்கினால் பிந்தைய வலி கட்டாயம் வராது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் முதல் வாரத்திலேயே யார் மேல் கண் வைக்க வேண்டும் என்று தெரிந்துவிடுகிறது. 'பரவாயில்லை' என்று சொல்லிவிட்டவர் மேல் யார் கண் வைப்பார்கள்?

மூட்டை தூக்குபவருக்கும், வயலில் குனிந்து வேலை செய்பவருக்கும், ஆட்டோ ஓட்டுபவருக்கும் ஆறு மாதம் நீடிக்கும் நெஞ்சுவலி என்றால் ஆறு மாத வருமானம். தமிழ்நாட்டில் 2009 முதல் அரசு காப்பீட்டுத் திட்டம் ஏழைகளுக்கும் பைபாஸைக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது. ஆபரேஷன் சேர்ந்த இடத்துக்கு அதன் பின்னான வலிக்கவனிப்பும் போய்ச் சேர வேண்டாமா?

அமெரிக்கா கற்ற பாடம்

இதற்கு ஓர் எதிர்வாதம் உண்டு, அது வலுவானதும் கூட. 1990-களில் அமெரிக்காவில் நாடி, காய்ச்சல், மூச்சு, ரத்த அழுத்தத்தோடு வலியையும் ஐந்தாவது அளவீடாகச் சேர்க்க வேண்டும் என்று இயக்கம் நடந்தது. எல்லோரிடமும் "பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு?" என்று கேட்டார்கள். எண்ணைக் குறைக்க மருந்தைக் கூட்டினார்கள். மருந்துக் கம்பெனிகளும் புகுந்து விளையாடின. முடிவில் லட்சக்கணக்கானோர் மார்ஃபின் வகை மருந்துகளுக்கு அடிமையானார்கள். "பார்த்தீர்களா, வலியைக் கேட்கப் போய் வந்த வினை!" என்பார்கள்.

தவறு கேட்டதில் இல்லை. எண்ணை மட்டும் கேட்டதிலும், பதிலாக மருந்தை மட்டும் வைத்திருந்ததிலும் இருக்கிறது. இதய ஆபரேஷன் செய்தவருக்கு வலி பூஜ்யமாக வேண்டியதில்லை. ஆழமாக மூச்சிழுக்க, இரும, எழுந்து நடக்க, தூங்க முடிகிற அளவுக்கு வலி இறங்கினால் போதும். "எத்தனை மார்க்?" என்பதைவிட "இரும முடியுதா?" என்பது நல்ல கேள்வி.

கேள்வி கேட்கும் நேரமும் முக்கியம். அசையாமல் படுத்திருப்பவரிடம் கேட்டால் பெரும்பாலும் "பரவால்ல" என்றுதான் பதில் வரும், அது பொய்யும் அல்ல. இருமச் சொல்லிவிட்டு, எழுந்து உட்காரவைத்துவிட்டு, அப்போது கேட்க வேண்டும். பேசவே முடியாமல் தொண்டையில் குழாயோடு இருப்பவருக்கும் வழி இருக்கிறது. முகச்சுளிப்பு, உடல் அசைவு, தசை இறுக்கம், வென்டிலேட்டரோடு ஒத்துப்போவது ஆகிய நான்கையும் பார்த்து எட்டுக்கு மதிப்பெண் போடும் முறை ஒன்றை, 105 இதய ஆபரேஷன் நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்து 2006-இல் கனடாவில் வெளியிட்டார்கள். பேசாதவருக்கும் வலிக்கும் என்று ஒப்புக்கொள்வதுதான் முதல் படி.

என்ன செய்யலாம்?

ஆஸ்பத்திரிகள் செய்ய வேண்டியது பெரிய செலவில்லாத காரியங்கள். ஆபரேஷனுக்கு முதல் நாள் பத்து நிமிடம் உட்கார்ந்து, எங்கெங்கே வலிக்கும் என்று தமிழில் சொல்வது. இருமும்போது தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளப் பழக்குவது. மூன்று பந்துப் பயிற்சிக்கும் டியூப் எடுப்பதற்கும் முன்னதாகவே மருந்து வேலை செய்யத் தொடங்கும்படி நேரம் குறிப்பது. 'தேவைப்பட்டால்' என்பதற்குப் பதில் மணி குறித்து எழுதுவது. பெண் நோயாளிகளிடம் கூச்சமில்லாமல் உள்ளாடை பற்றிச் சொல்ல ஒரு நர்ஸம்மாவை வைப்பது. இரவில் விளக்கைக் குறைப்பது.

வீட்டார் செய்ய வேண்டியதும் இருக்கிறது. எந்த வலி சாதாரணம், எது ஆபத்து என்று தெரிந்துகொள்வது அதில் முதலாவது. அசைந்தால், இருமினால், தொட்டால் கூடுகிற வலி பெரும்பாலும் எலும்பு, தசை வலி. ஆனால் ஆபரேஷனுக்கு முன் வந்தது போலவே நெஞ்சை அழுத்தும் வலி, மூச்சுத்திணறல், மயக்கம், காய்ச்சல், காயத்தில் சீழ், எலும்பு 'டக் டக்' என்று அசையும் உணர்வு, குறைந்துகொண்டிருந்த வலி திடீரென்று ஏறுவது... இதில் எது வந்தாலும் காத்திருக்காமல் டாக்டரிடம் ஓட வேண்டும். வலியைப் பொறுத்துக்கொண்டே பழகியவருக்கு இந்த வித்தியாசமும் தெரியாமல் போகும். பொறுமைக்கு இருக்கும் மிகப் பெரிய ஆபத்து இதுதான்.

வள்ளுவர் வலியறிதல் என்று பலத்தைத்தான் சொன்னார். வலியை அறிந்து, அதை வெட்கப்படாமல் சொல்வதற்கும் ஒரு பலம் வேண்டும். அதைக் கேட்டு, இருமச் சொல்லி, மறுபடியும் கேட்பதற்கும் ஒரு பலம் வேண்டும். அடுத்த முறை ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு ஒரு பைபாஸ் நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் "தைரியமா இருங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து வராமல், "நல்லா இரும முடியுதாப்பா?" என்று கேட்டுப் பார்க்கட்டும். முடியவில்லை என்றால், நேரே போய் டூட்டி நர்ஸிடம் சொல்லட்டும்.